பதினைந்தாவது படி

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அடுத்த வருடம் எங்கள் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். இனிமேல் கட்டட வரைபடம் போடுகிறவன் மட்டுமல்ல, அதைச் சொல்லிக்கொடுக்கிறவனும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊர் காஜா பெராங் பகுதியில் ஒரு செட்டி வீட்டின் முன்கூடத்தை வாடகைக்கு எடுத்து, சாயங்காலங்களில் ஐந்து பேருக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே பரீட்சையா என்று அன்று முழுக்க முணுமுணுத்தேன். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். நான் எந்தப் பள்ளிக்கும் போய் இந்தத் தொழிலைப் படித்தவன் இல்லை. துரைமார் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதே கோட்டை மையில் இழுத்து இழுத்துப் பழகியவன்.

வகுப்பில் இருந்த ஐவரில் அந்த முறை தேர்வு எழுத வேண்டியிருந்தது ஒருவர்தான். கிளேபாங்கில் குடியிருந்தார், வேறொரு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக நகல் வரைகிற வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சார் என்பார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "சொல்லிக்கொடுக்கிறவர் சார்தானே. அதுல வயசு என்ன வயசு?" என்பார். சான்றிதழ் இல்லாதவர்கள் வருடக் கடைசிக்குள் வரைமேசையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று அவருடைய அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கொடுத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள். அதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், நானும் திரும்பக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு மாடிப்படி ஒற்றைப்படையில் முடிய வேண்டும். இரட்டைப்படையில் முடிந்தால் வீட்டுக்கு ஆகாது. படம் பார்க்கவே தெரியாத ஆள்கூட, விரலை வைத்துப் படிகளை எண்ணிவிட்டுத்தான் தாளைக் கையில் வாங்குவார். அதனால் வகுப்பில் நான் அதை ஒரு விதியாகவே சொல்லிவைத்திருந்தேன். "எண்ணிப் பாருங்க. ஒற்றைப்படையில முடியலைன்னா உங்க படி தப்பு." இப்படிப் பலமுறை, அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

தேர்வு அன்று காலை அண்ணன் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். எனக்கும் திருநீறு மடித்துக் கொண்டுவந்தார். "நமக்கு என்ன சார் பயம், நீங்க இருக்கீங்க" என்று நெற்றியில் பூசியும்விட்டார். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் தேர்வு. மின்விசிறிகளைத் தாள் பறக்குமென்று நிறுத்திவிட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை மட்டும் வரவில்லை. அண்ணன் எனக்கு முன்வரிசையில், சற்றே இடதுபக்கம் உட்கார்ந்தார். அவருடைய வரைபலகை முழுசாக என் கண்ணில் பட்டது.

வினாத்தாளில் ஒரு கடைவீட்டின் மாடிப்படி. பத்தடி உயரம், ஒரு படிக்கு எட்டு அங்குலம். ஆக, பதினைந்து தடவை காலைத் தூக்கி வைக்க வேண்டும். மேலிருந்து பார்க்கிற படத்தில், கால் வைக்கிற பலகைகளாகப் பென்சிலில் வேகமாகப் பதினைந்து போட்டேன். பிறகு அதே படியைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படத்தையும் கேட்டிருந்தார்கள். அதை நான் வகுப்பில் நடத்தியதில்லை, நானாக வரைந்ததும் இல்லை. ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனேன். பதினான்காவது பலகையிலிருந்து காலைத் தூக்கினால் அடுத்தது மாடித் தரை. பதினைந்தாவது பலகைக்கு அங்கே இடமே இல்லை. வீட்டுக்காரர்கள் மாடித் தரையையும் சேர்த்து எண்ணிப் பதினைந்து என்கிறார்கள். எண்ணுவதற்கு அது சரி. தாளில் அதையும் ஒரு பலகையாகப் போட்டால் படி நீண்டு போய்க் கீழே இருக்கிற கதவை மறிக்கும். கேள்வியில் கதவைச் சரியாக அந்த இடத்தில்தான் வைத்திருந்தார்கள். சத்தம் வராமல் என்னுடையதை அழித்துப் பதினான்காக மாற்றினேன்.

பிறகு அண்ணனின் வரைபலகையைப் பார்த்தேன். படிகளை எண்ணினேன். பதினான்கு. தப்பித்தார் மனுஷன் என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து அவரும் எண்ண ஆரம்பித்தார். விரலை வைத்து, ஒவ்வொன்றாக. கடைசியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தலையை ஒரு தடவை ஆட்டிக்கொண்டு ரப்பரை எடுத்தார்.

இடைவேளை கால் மணி நேரம் விட்டார்கள். தாளைப் பற்றிப் பேசக்கூடாது என்பது உத்தரவு. குழாயடியில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. இன்னும் பென்சில் கோடுதான், மை ஏறவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். அண்ணன் என் பக்கத்தில் நின்று முகம் கழுவினார்.

"கை வலிக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எல்லாம் நீங்க சொன்னபடியே போகுது."

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், இத்தனை மாதமும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மனுஷன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், மற்ற நான்கு பேருக்கும் விஷயம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். என்ன பிழைப்பு இது. மணி அடித்துவிட்டது. உள்ளே போனதும் அவர் மைப்புட்டியைத் திறந்தார். பதினைந்து பலகைகளுக்கும் ஒவ்வொன்றாக மை இழுத்தார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம். வகுப்பு நடந்தது, அண்ணனும் தவறாமல் வந்தார். மாடிப்படி பக்கமே நான் போகவில்லை. வாசலில் அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டாலே மேசைமேல் இருக்கும் தாள்களைப் புரட்டத் தொடங்கிவிடுவேன். முடிவு வந்தபோது வரைகிறவன், சொல்லிக்கொடுக்கிறவன் என்று இரண்டு சான்றிதழும் எனக்குக் கிடைத்தன. அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவரைப் பழைய கோப்புகள் அடுக்குகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காஜா பெராங் வீட்டுக்கு வந்தார். எனக்கு வாழ்த்துச் சொல்ல ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க சறுக்குச்சுன்னே தெரியல சார். காரணம் கேட்டா சொல்ல மாட்டாங்களாம்" என்றார். "ராத்திரி படுத்தா ஒவ்வொரு கோடா நெனச்சுப் பாக்குறேன். சன்னலா இருக்குமோ, கூரையா இருக்குமோ, ஒண்ணும் பிடிபடல. மாடிப்படி மட்டும் சரி, அது நிச்சயம். மொதல்ல புத்தி கெட்டுப் போய்ப் பதினாலு போட்டுட்டேன். அப்புறம் எண்ணிப் பாத்தேன், நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அழிச்சுட்டுப் பதினஞ்சு போட்டேன். நல்ல வேளை சார், இல்லன்னா அதுவும் போயிருக்கும்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே," என்றேன். "படி சரிதான்."