சிவப்பு விளக்கின் மேல் வைத்த பொட்டு

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், லொறி ஓட்டினார். சாமி கும்பிடமாட்டார். ஆயுத பூசையன்று அம்மா நிறைமாத வயிற்றோடு போய் லொறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோதுகூட, "எண்ணெ ஊத்துனாத்தான் ஓடும் தங்கச்சி, பொட்டு வெச்சா ஓடாது" என்று சிரித்தார். அம்மா விடவில்லை. ஸ்டியரிங், கியர் கம்பி, முன்பலகையில் வட்டமாக எதெது தெரிந்ததோ அத்தனைக்கும் பொட்டு.

மறுநாளே வலி கண்டுவிட்டது. தோட்டத்து மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ள மாறிக் கெடக்கு, ஒடனே தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அப்பா மேல்மலையில் வேலையில் இருந்தார். லயத்து வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மாவோடு நானும் மாமாவின் லொறி முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டே போனோம். போகப்போக ஹோர்னுக்குச் சளி பிடித்தது, அப்புறம் ஊமையாகிவிட்டது. முன்விளக்கும் மங்கியது.

"பேட்டரிக்குக் கரண்டு ஏறலன்னா சிவப்பு லைட்டு எரியணுமே. எரியலயே!" என்றார் மாமா.

அந்த லைட்டைத் தேடிப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டின் வெடிப்பில் நெருப்புப் பொறி மாதிரி ஏதோ மினுங்கியது.

"மாமா, இந்தப் பொட்டுக்குள்ள வெளக்கு எரியுது!"

மாமா ஓரங்கட்டி, நகத்தால் சுரண்டப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துல குங்குமத்த அழிக்காதீங்கண்ணே."

மாமா குங்குமத்தை விரலில் ஒற்றியெடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தார். அதன் பிறகுதான் சந்தனத்தைச் சுரண்டினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, மூடியைத் தூக்கினார். பேட்டரிக்குக் கரண்டு ஏற்றும் டைனமோவைச் சுற்றும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. கம்பியால் நெம்பி இழுத்து முறுக்கினார். பேட்டரியில் உயிரில்லை, இனி ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். உள்ளே அம்மா முனகினார். மாமா மூடியைச் சாத்தி, அதன் மேல் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க மாமா?"

"எஞ்சின் சத்தத்தக் கேக்குறேன் தாயி."

பிறகு ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் உறுமியது, சிவப்பு விளக்கு அணைந்தது. அன்று மத்தியானம் தம்பி பிறந்தான், தாயும் பிள்ளையும் சுகம்.

மாமா காதாலேயே வண்டியின் நோயைக் கண்டுபிடிப்பவர் என்று பல காலம் தம்பியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மாமா நெற்றியை வைத்திருந்த அந்த நேரத்தில் எஞ்சின் ஓடவேயில்லை என்பது, தலைப்பிரசவத்துக்கு வலியெடுத்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.