மேட்டுக் காற்றில் காய்ந்த பேடுகள்

போன வாரம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ரிப்பேருக்கு வந்தவர் அடியில் கையை விட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பஞ்சுத் துண்டை இழுத்துப் போட்டார். "இன்னா சார் இது, கேக்கா?" என்று கேட்டார். வீட்டில் இருந்த எல்லோரும் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு அந்தத் துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெயும் ஈரச் சாக்பீஸும் கலந்த மாதிரி ஒரு வாசனை. காருக்கு பாலிஷ் போடும் காம்பவுண்டின் வாசனை அது. அதை மோந்தாலே எனக்கு எங்கள் தங்கச் சுரங்க ஊர் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயில்தான் ஞாபகம் வரும். பெங்களூரில் ஒரு கார் பாலிஷ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரயிலில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள். நான் டிபன் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பைக்குள் சாப்பாட்டைவிடப் பேடுகள்தான் அதிகம்.

பேடு என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, வட்டமான பஞ்சு. மெஷினில் ஒட்டி, காம்பவுண்டைத் தடவிச் சுழலவிட்டால் பெயின்ட் பளபளக்கும். இரண்டு மூன்று கார் ஆனதும் காம்பவுண்டு உள்ளே இறுகி, பஞ்சு வறட்டி மாதிரி ஆகிவிடும். குப்பையில் போடு என்பார் முதலாளி. எனக்கு மனசு வராது. எங்கள் ஊரில் தண்ணீரே துணி துவைத்து, வாசல் கழுவி, கக்கூஸ் வரைக்கும் போய் மூன்று வேலை பார்த்த பிறகுதான் ரிட்டயர் ஆகும். அந்த ஊர்க்காரன் நல்ல பஞ்சைத் தூக்கிப் போடுவானா? வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து ஊறவைப்பேன். பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்காமல் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பிழிய வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவம். அம்மாவுக்கு வயிறு எரியும். "நீ குளிக்கிறது ஒரு பக்கெட்டு, உன் பஞ்சு குளிக்கிறது ரெண்டு பக்கெட்டா?" என்பாள். ஒரு தடவை பிரஷ் கிடைக்காமல் அப்பாவின் பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டு, கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அப்பா, "பேஸ்ட்ட மாத்திட்டீங்களா? பல்லு வழவழன்னு கீது" என்றார். இந்த விஷயம் கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எஸ்தர் என்று ஒரு பெண். அவளுக்கும் எனக்கும் இஷ்டம். அவள் அப்பா மைன்ஸ் மில்லில் கல் அரைக்கும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆண்டர்சன்பேட்டையில் வீடு. சர்ச்சில் எந்தக் கல்யாணம் என்றாலும் பொண்ணு மாப்பிள்ளை ஏறுவது அவருடைய பழைய கறுப்புக் காரில்தான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன்.

"இன்னா வேலை தம்பி?"

"கார் பாலிஷ் அங்கிள்."

"தொடைக்கிற வேலையா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வண்டியை ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம் கீது. சனிக்கெழம வந்து பண்ணு. நல்லா வந்துச்சின்னா மேல பேசலாம்" என்றார். என் வாழ்க்கை அந்தக் கார் பானெட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இருப்பதிலேயே நல்ல பேடு நான்கை எடுத்துத் துவைத்து, வெளியே கம்பிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால்தான் சயனைடு மேடு. சயனைடு ஊற்றித் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல் மாவைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். காற்று மாதத்தில் எங்கள் பெண்கள் மேட்டைப் பார்த்த பிறகுதான் கொடியைப் பார்ப்பார்கள். அம்மாவும் பார்த்தாள். "மேட்டாண்ட பொகை மாதிரி கெளம்புது பார். அத்தல்லாம் உள்ள போடு" என்றாள். உள்ளே போட்டால் காய இரண்டு நாள் ஆகும். நான் பெங்களூரில் தொழில் கற்றவன், அம்மா சொல்லியா கேட்பேன்? ஒரு மணி நேரத்தில் நான்கும் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன.

சனிக்கிழமை கடை மெஷினை இரவல் வாங்கி வந்து, அவர் வீட்டு ஷெட்டில் சாயங்காலம் வரை பாலிஷ் போட்டேன். மங்கலான வெளிச்சத்தில் கார் மினுமினுத்தது. அவர் பானெட்டைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். "காப்பி குடிக்கிறியா தம்பி" என்று கேட்டார். பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு மதியம் கல்யாணம் முடிந்து கூட்டம் சர்ச்சை விட்டு வெளியே வந்தது. உச்சி வெயிலில் கார். பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல், மண்ணைப் போட்டுப் பாத்திரம் விளக்கிய மாதிரி. எஸ்தரின் அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, தூணுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி இது?"

பெயின்ட் பழசு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரே எஸ்தர் நின்றிருந்தாள். பொய் வரவில்லை.

"மேட்டு மண்ணு அங்கிள். பேட வெளிய காய வெச்சேன். அம்மா வேணாம்னாங்க, நான் கேக்கல."

அவர் பானெட்டை விரலால் தடவினார். வெகு நேரம் தடவினார்.

"முப்பது வருசம் ராப்பகலா அந்தக் கல்ல மாவா அரைச்சதே நாங்கதான். நைசா அரை, நைசா அரைன்னு உயிர வாங்குனானுங்க. இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சிருந்தா தப்பிச்சிருப்ப" என்றார். பக்கத்தில் நின்ற மில் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "உங்கம்மாவ வூட்டுக்கு வரச் சொல்லு. அவங்ககிட்ட பேசிக்கிறேன். உன்கிட்ட பேசி பிரயோஜனம் இல்ல."

அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. நாங்களும் அந்தக் கீறல் விழுந்த காரில்தான் போனோம். ஒரே நாளில் சரி செய்துவிடுகிறேன் என்று மாமனாரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கிட்ட வராத" என்பார். யார் வந்தாலும் பானெட்டைக் காட்டி, "மாப்ள போட்ட பாலிஷு" என்று கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு மானம் போகும்.

மாமனார் காலமான மறு வருஷம் காரைக் கோலாரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். போன மாதம் கோர்ட் பக்கம் போனபோது அது நின்றிருந்தது. புதுப் பெயின்ட். நல்ல வெயிலில் நின்று, குனிந்து, தலையைச் சாய்த்து, எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், சுத்தமான பானெட்டைப் பார்த்து அழுகை வந்தது அன்றைக்குத்தான்.