அன்று மழை பெய்யவில்லை

புஷ்பம் மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். நோர்வூட் ரோட்டில் வழக்கமான காலை ஓட்டம். மேசன் மாரிமுத்துதான் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், நம்ம மிஸ்ஸி போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். அதைக் கேட்டதும் நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி ஓட்டக் கணக்கை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் மிஸ்ஸியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவமாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என்னை மாஸ்டர் என்பதுபோல, தாதிமாரையும் மருத்துவமாதுகளையும் எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். மேல் பிரிவு லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இன்று ஓடியாடும் பிள்ளைகளில் பெரும்பாலானோரை முதலில் ஏந்திய கை அவருடையது. வாய் கொஞ்சம் நீளம். குடித்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு தகப்பனை வாசலிலேயே மறித்து, "மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. புள்ள மொதமொதல்ல பாக்குற அப்பன் மூஞ்சி இதுவாவா இருக்கணும்?" என்று அவர் கேட்டது தோட்டம் முழுக்கப் பிரசித்தம். அந்த மனிதர் தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டு வந்தார்.

மேல் பிரிவிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தேயிலைக்குள்ளே மலையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக இறங்குவது, தூரம் அதிகம். மற்றது யூகலிப்டஸ் காட்டுக்குள் புகுந்து ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மறுபுறம் ஏறி, அதன்பின் ரோட்டுக்கு இறங்குவது; தூரம் குறைவு. இரண்டும் சேறு. ஐந்து வருடங்களுக்கு முன், ஏதாவது ஒரு பாதைக்கு மட்டும் கொங்கிறீட் போட உதவி கிடைக்கும் என்று தகவல் வந்தது. எந்தப் பாதை என்று நாங்களே கூட்டம் கூடி முடிவெடுத்து, அளவுகளோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் லண்டனிலிருந்து மைத்துனர் எனக்கு அந்தக் கடிகாரத்தை அனுப்பியிருந்தார். தீப்பெட்டி அளவு. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து ஓடிய தூரம், வேகம், ஏறிய உயரம் எல்லாம் சொல்லும். நான் இரண்டு பாதைகளிலும் ஒவ்வொரு தடவை ஓடினேன். சுற்றுப் பாதையில் எழுபது மீற்றர் ஏற்றம், ஓடைப் பாதையில் இருபதே மீற்றர் என்றது கடிகாரம். ஒரு காலை வேளையில் வேலை முடிந்துவிட்டது.

மிஸ்ஸி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். சுவர் மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கும், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மாரிமுத்துவும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு, அடிக்கணக்குக் குறித்த குச்சிகளோடு இரண்டு பாதைகளையும் முழுக்க அளந்தார்கள். குழந்தைகளின் நிறை எழுதும் அட்டை ஒன்றின் பின்பக்கம் நிறையக் குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். "ஓடைப் பள்ளத்துலேருந்து வெளிய வர நூத்திமுப்பது அடி ஏறணும். சுத்துப் பாதையில எல்லாஞ் சேத்து இருபது அடி தாண்டாது. நெறமாசப் புள்ளைங்கள நான்தான் கூட்டிட்டுப் போறேன், எனக்குத் தெரியும்" என்றார்.

"மிஸ்ஸி, ட்யூபுல தண்ணி ஊத்திப் பாக்குற காலமெல்லாம் போயிருச்சு. இது சேட்டிலைட்டு" என்றேன்.

"சேட்டிலைட்டா மாஸ்டர் புள்ள பெக்குது?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று கடிகாரத்தைக் கழற்றி ஆளாளுக்குக் காட்டினேன். ஓடைப் பாதையில் நாற்பது மூட்டை சீமெந்து மிச்சம் என்பதும் பலருக்குப் பிடித்திருந்தது. "படிச்ச மனுசன் மெசின் வச்சு அளந்திருக்காரு, அப்புறம் என்ன?" என்று தோட்டத் தலைவர் முடித்துவைத்தார். கை தட்டினார்கள். மிஸ்ஸி ட்யூபைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள், அதன் கணக்கில், பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே நாற்பது மீற்றர் ஏறி இறங்கியது. பதறிப்போய் மாலையில் ஓடைப் பாதைக்குப் போனேன். காட்டுக்குள் நுழைந்ததும் கடிகாரத்துக்குச் சமிக்ஞை செத்துவிட்டது. பள்ளம் தாண்டி மறுகரை ஏறிய பிறகுதான் உயிர் வந்தது. நடுவில் இறங்கியதும் ஏறியதும் அதன் கணக்கிலேயே இல்லை. பாலம் இல்லாத ஓடைக்கு அது தன் பாட்டில் பாலம் போட்டிருந்தது. திறந்த வெளியான சுற்றுப் பாதையிலோ, தன்னுடைய தடுமாற்றத்தையெல்லாம் மேடு மேடாகக் கூட்டி எழுபது ஆக்கியிருந்தது.

பாதை கேட்டு எழுதிய கடிதம் அப்போதும் தலைவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அனுப்ப இன்னும் பத்து நாள். நாலு லயம் தள்ளி அவர் வீடு. நான் போகவில்லை. கை தட்டல் காதில் இருந்தது. கண்ணாடி ட்யூபிடம் தோற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓடைப் பாதையில் படிகள் வந்தன. சுற்றுப் பாதையைப் புல் மூடியது. ஒருநாள் நான் ஓடிவரும்போது, பள்ளத்தின் ஏற்றத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிஸ்ஸி. "மாஸ்டர், ஒங்க வாட்ச்சக் கொஞ்சம் இந்தப் புள்ள கையில கட்டி விடுங்க. அதுக்குத்தான் இங்க ஏத்தமே கெடையாதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு ஓடினேன்.

பிறகு ஒருநாள், மேல் பிரிவில் செல்வி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. மத்தியானம். ரோட்டில் வேன் காத்திருந்தது. கம்பளியில் கட்டித் தூக்கிப் போனவர்கள் அந்த ஏற்றத்தில் மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள். நாலாவது தடவை தூக்க முடியவில்லை. படியிலேயே பிரசவம். சேலைகளை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, மிஸ்ஸி தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். ஆனால் ஏன் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கவில்லை என்று மேலிடம் விளக்கம் கேட்டது.

விளக்கக் கடிதம் எழுத அவர் என்னிடம்தான் வந்தார். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். 'தாமதத்துக்கான காரணம்' என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றது. மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"மழைன்னு எழுதுங்க, மாஸ்டர்."

"அன்னைக்கு மழை இல்லியே மிஸ்ஸி."

"தெரியும். எழுதுங்க."

எழுதினேன். அழகான கையெழுத்தில். மழை என்றால் முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டாமா என்று கண்டித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசிவரை அது அவருடைய கோப்பில் இருந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நீளமான மனுசி, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பாதைதான் அவர் உயிரைக் குடித்தது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இருதயத்தில் முன்பே கோளாறு இருந்ததாம். ஆனால் மயானம் ரோட்டோரத்தில் இருக்கிறது. அவரைத் தூக்கிப் போக அந்தப் படிகளை விட்டால் வழியில்லை. பெட்டியின் பின்பக்கம் தோள் கொடுத்தேன். பள்ளத்திலிருந்து ஏறும்போது பாரம் முழுவதும் பின்னால் நிற்பவன்மேல் சாய்ந்தது. பாதி ஏற்றத்தில் என் முழங்கால் மடங்கியது. "எறக்குங்க, எறக்குங்க" என்று யாரோ கத்தினார்கள். பெட்டியைப் படியில் வைத்தோம். மாரிமுத்து என் காதருகே, "மிஸ்ஸி அளந்த எடம் மாஸ்டர்" என்றார். குத்திக் காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

காரியம் முடிந்த பிறகு அவருடைய தங்கை, மிஸ்ஸியின் மருந்துப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "இதுல மாஸ்டர்னு போட்டிருக்குங்க" என்று தந்தார். முன்பக்கம் ஏதோ ஒரு குழந்தையின் நிறை. பின்பக்கம் அடிகள், அங்குலங்கள். கீழே, "மாஸ்டரிடம் காட்டவும்" என்று எழுதியிருந்தது. கூட்டத்துக்கு முன்பே என்னிடம் காட்டத்தான் நினைத்திருக்கிறார். நான் அவருக்கு அந்த அவகாசம் கொடுக்கவில்லை.

அந்த அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதைப் பார்த்து இரண்டு பாதைகளின் அளவுகளையும் பிரதி எடுத்து, அவர் பெயரைப் போட்டு, சுற்றுப் பாதைக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரைக் கண்டித்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பழைய கடிதம் எழுதிய அதே கையெழுத்துத்தான், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதில் எழுதியதையே மிஸ்ஸியை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இங்கே எழுதுகிறேன்: அன்று மழை பெய்யவில்லை. தாமதத்துக்குக் காரணம் நான்.