சூடத் தட்டைத் தொடாதவர்

தெமோதரைக்கு மேலே இருந்த தோட்டமொன்றில் இராசையாவுக்கு இரண்டு வேலை. பகலில் கத்தியும் கையுமாகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாரியம்மனுக்குப் பூசை வைப்பார். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் கிடையாது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தார்.

கோழி களவு போனாலும் சரி, புருஷன் மேல் சந்தேகம் வந்தாலும் சரி, அந்தத் தோட்டத்து வழக்கெல்லாம் கடைசியில் கோயிலுக்குத்தான் வரும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யல" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. பொய்ச் சத்தியம் என்று பின்னால் தெரிந்தால், சொன்னவன் சாகும்வரை அம்மன் காரியம் எதிலும் கை வைக்கக் கூடாது, பூசாரி கையால் விபூதியும் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்ததே இராசையாதான். பொய்ச் சத்தியம் செய்த தாய்மாமன் மகனையே கரகம் தூக்கவிடாமல் விரட்டியவர். அந்த விஷயத்தில் ஆள் கல்நெஞ்சுக்காரர்.

இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு, இந்திய வழி வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களின் வோட்டுப் போனது. பிறகு இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இங்கேயே இருந்தேன், நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் தங்கவில்லை என்று நிரூபித்தால் பிரஜாவுரிமை தருவார்களாம். பிறந்த பதிவே இல்லாத சனத்திடம் நிரூபி என்றால் எதைக் காட்டுவது? கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தழும்பையா? கொழும்பில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

ஐம்பத்து நாலாம் ஆண்டு இராசையாவைப் பதுளைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் கனகரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி. இந்தியாவுக்குப் போனதுண்டா என்று கேட்டார். தாய் சாகக் கிடந்தபோது திருச்சிப் பக்கம் போய்ப் பதின்மூன்று மாதம் நின்றதை இராசையா ஒளிக்காமல் சொன்னார். கனகரத்தினம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு மாசம் குறைச்சுச் சொல்லியிருந்தால் எனக்கு எப்பிடித் தெரியும், காணும்?"

"அம்மனுக்குத் தெரியுமுங்களே."

மனு தள்ளுபடியானது. தோட்டமே அவரைப் பைத்தியக்காரன் என்றது. இராசையா கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாடு இல்லாவிட்டால் என்ன, அம்மன் இருக்கிறாள் என்று அடுத்த வெள்ளிக்கிழமையும் மணியை ஆட்டினார்.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்து அறை இராக்கம்மாவின் முறை வந்தது. அவள் கைம்பெண், இரண்டு பிள்ளைகள். உலக யுத்தம் தொடங்கிய புதிதில் புருஷனோடு இந்தியாவிலிருந்த ஊருக்குப் போன இடத்தில் அவன் படுக்கையில் விழுந்து செத்துப்போனான். எல்லாம் முடிந்து அவள் திரும்பி வரப் பதினாலு மாதமானது. அவளுக்குச் சாட்சி சொல்ல இராசையாதான் போனார். உள்ளதைச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்பதுதான் அவர் எண்ணம்.

கனகரத்தினம் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "நீரோ? நல்லது. தன்ர விசயத்திலயே பொய் சொல்லாத மனுசன் நீர். இவவுக்கு வேற அத்தாட்சி ஒண்டும் இல்லை. நீர் அம்மனை நினைச்சு ஒரு சொல்லுச் சொல்லும், நான் எழுதுறன். இவ ஒரு வருசத்துக்கு மேல இந்தியாவில நிண்டவவோ?"

சட்டப்படி சாமி பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்கு அவசியமே இல்லை. அந்த மனுஷருக்கும் கடவுள் நம்பிக்கை. மனச்சாட்சிக்குப் பயந்துதான் கேட்டார். உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு இராசையாவின் குரல்வளையைப் பிடித்துவிட்டார்.

இராக்கம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க," என்றார் இராசையா. "பத்து மாசந்தான். அம்மன் சத்தியமா."

வழியெல்லாம் இராக்கம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். அவளுக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. ஊரே அப்படித்தான் மாதங்களைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. இராசையா அன்று மாலையே கோயில் சாவியைத் தொழிற்சங்கத் தலைவர் நல்லையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "இனி நீ பாத்துக்க தம்பி. நான் சூடத் தட்டத் தொட மாட்டேன்." ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். தன் மனு தள்ளுபடியானதில் அம்மனோடு கோபித்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டியது. இராக்கம்மாவும் அதையே நம்பினாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெளியே, மழை விழுகிற இடத்தில் நின்று கும்பிடுவார். விபூதி வாங்கமாட்டார். முற்றம் கூட்டுவார், உள்ளே கால் வைக்கமாட்டார். நல்லையா மந்திரத்தைத் தப்பாகச் சொல்லும்போது அவருடைய உதடுகள் மட்டும் அசையும். அந்தச் சமயங்களில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தான் செய்தது தப்பா என்று கேட்டால், இன்னொரு முறையும் அதையேதான் செய்வேன் என்றிருப்பார். அதற்காகத் தண்டனையைக் குறைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மாமன் மகனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

அறுபதாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. பிரஜாவுரிமைப் பத்திரம் வந்து, பட்டியலில் பேர் ஏறத் தாமதமானதால் இராக்கம்மாவுக்கு அதுதான் முதல் வோட்டு. காலையிலேயே புதுச்சேலை கட்டி, வோட்டுக் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். இராசையா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கையால துன்னூறு பூசி விடுங்க. வோட்டுப் போடப் போறேன்."

"உள்ள இருக்கு. நீயே எடுத்துப் பூசிக்க."

"ஆறு வருசமா இப்பிடியே இருக்கீங்களே. அம்மா மேல அப்பிடி என்னண்ணே கோவம்?"

அவர் விளக்குமாறைத் தட்டினார். அவள் போகவில்லை. அவருடைய வெறும் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ உறைத்திருக்க வேண்டும். "அண்ணே... அன்னிக்குப் பதுளையில எனக்காகச் சொன்னீங்களே, அதுக்காகவா?"

கார்டு பிடித்த கை தாழ்ந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு வருஷப் பாரம் பாதியாகும். மறுபாதியை அவள் தூக்கிக்கொண்டு போவாள். கார்டையும் கிழித்துப் போட்டாலும் போடுவாள்.

"அடப் போ புள்ள," என்றார். "எனக்குக் கெடைக்காதது ஒனக்குக் கெடைச்சிருச்சேன்னு பொறாம. வேற என்ன?"

இராக்கம்மா கார்டை மடியில் செருகிக்கொண்டாள். "ஒங்களப் போயி நல்ல மனுசன்னு நெனச்சேனே," என்று சொல்லிவிட்டு, விபூதியும் எடுக்காமல் இறங்கிப் போனாள். ரோட்டுத் திருப்பத்தில் சேலையின் நிறம் மறையும்வரை இராசையா பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தோட்டத்தில் அவரோடு மனம்விட்டுப் பேச இருந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு கோயில் பக்கம் திரும்பி, வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"இந்தப் பொய்க்கும் எங்கிட்டயே கணக்குக் கேளு, ஆத்தா. அவகிட்டக் கேக்காத."