பகலில் தூங்க ஓர் அறை

"நான் பாத்துக்கறேன்" என்று விசாலாக்ஷி சொல்லிக் கேட்காதவர்கள் மாதுங்காவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒருவரும் கிடையாது. கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவமா, ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டதா, ஊரிலிருந்து வந்து இறங்கியவருக்குப் படுக்க இடமில்லையா, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள். சொன்னதைச் செய்தும் விடுவாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்பாத்தியிலிருந்து பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்தவள். பதினோரு வருஷமாகக் குழந்தை இல்லை. அந்த ஒன்றை மட்டும் அவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதனாலோ என்னவோ, மற்றதையெல்லாம் விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் அவள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது புருஷனுடைய தூக்கத்தை. மகாதேவன் கோட்டைப் பக்கம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். யுத்தம் வலுத்த பிறகு அவருக்கு ராத்திரி டியூட்டி என்றே ஆகிவிட்டது. காலையில் கிங்ஸ் சர்க்கிளில் டிராமை விட்டு இறங்கி, தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு வருகிற மாதிரி நடந்து வருவார். படுத்தால் தூக்கம் வராது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு, விமான குண்டுவீச்சுக்குப் பயந்து போட்ட ஏ.ஆர்.பி. உத்தரவுப்படி, எப்போதோ கறுப்பு அடித்தாயிற்று. ஆனால் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கத்தில் மூச்சு முட்டும். கொஞ்சம் திறந்தாலோ, வெள்ளையடித்த நாலு சுவரும் சேர்ந்துகொண்டு வெயிலை அவர் முகத்தில் வீசும். ஆபீஸில் தந்தி மெஷினுக்கு முன்னால் இரண்டு தரம் கண் அயர்ந்துவிட்டார். மூன்றாம் தரம் அயர்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார்.

"சுவரையும் இருட்டாக்கிட்டா என்ன?" என்றாள் விசாலாக்ஷி.

"எதையாவது பண்ணு" என்றார் மகாதேவன். அவருக்கு வாதாடத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு அபயாம்பாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "சுமங்கலி படுத்துக்கற ரூம்லே போய் யாராவது கறுப்பு அடிப்பாளா? உனக்கென்னடி புத்தி கெட்டுப்போச்சா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"கறுப்பு இல்லை மாமி, கருநீலம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் விசாலாக்ஷி. மத்தியானம் தனியாக இருந்தபோது அபயாம்பாள் சொன்னது முள்ளாகக் குத்தத்தான் செய்தது. ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெயிண்டர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. ஆட்களெல்லாம் ராணுவக் கொட்டகைகளுக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டார்கள். நாலு நாள் அலைந்து, தாராவியிலிருந்து மாசானத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், ஐம்பது வயதிருக்கும். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு மேல நீலம் நிக்காதும்மா. ஒரு மாசத்துல துருப்புடிச்ச கணக்காப் பழுத்துப்போவும். சுரண்டி எடுத்து, வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசி, அதுக்கு மேலதான் அடிக்கணும். அஞ்சு நாளாவும்."

"அஞ்சு நாளா? அவர் எங்கே தூங்குவார்?"

"இப்ப மட்டும் தூங்குதாவளாக்கும்?" என்றார் மாசானம். விசாலாக்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து நாளும் மகாதேவன் சமையலறை மூலையில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தார். மாசானம் சத்தம் கேட்காமல் சுரண்டினார். பின்கட்டு ஜன்னல் விளிம்பில் அவருக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. பதினோரு மணிக்கு அவர் அதை நிமிர்த்திப் பிடிப்பார், விசாலாக்ஷி எட்ட நின்று காப்பியைத் தூக்கி ஊற்றுவாள். படுக்கையறை முழுவதும் அவர் கை படலாம், வீட்டுத் தம்ளரில் மட்டும் படக்கூடாது. இது என்ன நியாயம் என்று அவளும் யோசித்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

நாலாம் நாள் காப்பி குடிக்கும்போது மாசானம் கேட்டார். "ஐயா தந்தி ஆபீசுலயா இருக்காவ?"

"ஆமா, ஏன்?"

மடியிலிருந்து புகையிலைப் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "எம் மவன் சுடலை. அசாம் பக்கம் பட்டாளத்துல லாரி ஓட்டுதான். இது அவன் நம்பரு. சைக்கிள்ல தந்திக்காரன் சந்துக்குள்ள நுழைஞ்சாலே எம் பொஞ்சாதி இசக்கியம்மா விழுந்து போவா. எளுதப் படிக்கத் தெரியாத சனம் நாங்க. ஏதாவது வந்தா ஐயா முன்னாடியே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லுவாவளா? நான் பக்குவமா அவகிட்டச் சொல்லிக்கிடுவேன்."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் விசாலாக்ஷி.

அப்படியே வாயில் வந்துவிட்டது. பென்சிலைத் தேடி, காலண்டரின் ஓரத்தில் அந்த நம்பரையும் சுடலை என்ற பெயரையும் எழுதிக்கொண்டாள். மாசானம் கும்பிட்டார். மறுநாள் இரண்டாவது பூச்சை அவர் அடித்தபோது அந்தச் சுவரில் ஒரு தாரைகூட ஒழுகவில்லை.

அறை அற்புதமாக அமைந்தது. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தும் உள்ளே போனால் சொந்தக் கை தெரியாது. முதல் நாள் மகாதேவன் ஒன்பதரை மணிக்குப் படுத்தவர், சாயங்காலம் நாலு மணி வரை அசையவில்லை. விசாலாக்ஷி கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் குறட்டையைக் கேட்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

எழுந்தவர் தேதி பார்க்கக் காலண்டரண்டை போனார்.

"இது என்ன நம்பர்?"

அவள் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணினே விசாலம்! தந்தியிலே இருக்கறதைப் பத்தி வெளியிலே மூச்சு விடமாட்டோம்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கோம். தெரிஞ்சா வேலை போறதோட நிக்காது, ஜெயிலாக்கும்."

"சொல்லவேண்டாம்னா சொல்லாதேங்கோ. அதுக்கு ஏன் இப்படிப் பதர்றேள்?"

"நோக்குப் புரியாது. பட்டாளத்திலே செத்தவாளைப் பத்தின தந்தியெல்லாம் என் கை வழியாத்தான் போறது. இத்தனை நாள் எனக்கு அதெல்லாம் வெறும் நம்பர். அடிச்சுண்டே போவேன். இனிமே ஒவ்வொண்ணையும் பார்ப்பேனே!"

அவள் காலண்டர் ஓரத்தைக் கிழித்துப் போட்டாள். அவர் மனத்திலிருந்து அதைக் கிழிக்க முடியவில்லை. அன்றோடு குறட்டை நின்றது. அந்த அறைக்குள் அவர் தூங்குகிறாரா, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவும் வழியில்லை. அத்தனை இருட்டு. அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த இருட்டு.

மாசானம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். "வர்ணம் எங்ஙனயும் உதிருதாம்மா?" என்று பின்கட்டில் நின்று கேட்பார். வர்ணத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அவரும் நம்பவில்லை, அவளும் நம்பவில்லை. "எல்லாம் நன்னா இருக்கு" என்பாள். அவர் முகம் தெளியும். அலுமினியத் தம்ளரில் காப்பி குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். இப்படி ஆறு ஞாயிறு போயிற்று.

ஏழாவது ஞாயிறும் வந்து கேட்டார். விசாலாக்ஷி அன்று ஏனோ அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். மகாதேவன் காலையில் வந்ததும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் அறைக்குள் போய்ப் படுத்தவர். அவள் கதவை ஒருக்களித்து, "ஏன்னா, மாசானம் வந்திருக்கான்" என்று மெல்லச் சொன்னாள்.

இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒண்ணும் வரல்லேன்னு சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். "மவராசியா இருங்கம்மா" என்று மாசானம் படியிறங்கினார். காப்பிக்குக்கூட நிற்கவில்லை. இசக்கியம்மாளிடம் சொல்ல அவ்வளவு அவசரம்.

விசாலாக்ஷி திரும்ப அறைக்குள் போனாள். தட்டித் தடவிக் கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவினாள். தலையணை நனைந்திருந்தது.

"ஏன்னா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குக் கார்த்தாலே பியூன் தந்தியைக் கொண்டுபோய்க் குடுப்பான்" என்றார் மகாதேவன். "அந்த நம்பர்தான். ரெண்டு தரம் ஒத்துப் பார்த்தேன்."

சற்று முன் தன் வாயாலேயே ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். எழுந்து ஓடினாள். மாசானம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"மாசானம்!"

அவர் ஏறி வந்தார். எதற்காகக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் புருஷனுக்கு ஜெயில். சொல்லாவிட்டால் இந்த மனுஷர் சந்தோஷமாகத் தாராவிக்கு நடந்து போவார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை பேருக்குச் சொன்ன வாய் அது!

"காப்பி சாப்ட்டுட்டுப் போ" என்றாள் கடைசியில்.

உள்ளே போய் ரேஷன் சர்க்கரையை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலந்தாள். மகாதேவனின் பித்தளைத் தம்ளரில் ஊற்றி, டவராவில் வைத்து, எடுத்துக்கொண்டு வந்து மாசானத்தின் கையிலேயே கொடுத்தாள். விரலோடு விரல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மாசானம் தம்ளரைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்திருந்த அலுமினியத் தம்ளரைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். காப்பியைக் குடிக்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தார்.

"எப்பம்மா வந்துச்சு?"

விசாலாக்ஷி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அறைக்கதவு திறந்தது. மகாதேவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து, மாசானத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு" என்றார்.