அண்ணி கொடுத்த இரண்டு டியூப் ரத்தம்

ஃப்ரீசரை நிறுத்திய அன்று ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினோம். வெட்டியது நான்தான். பல்கலைக்கழகத்தில் ‘பசுமை ஆய்வுகூடம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியபோது எங்கள் துறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். பூஜ்ஜியத்துக்கு எண்பது பாகை கீழே, இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும் அந்த இயந்திரம் ஒரு வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனியாகத் தின்னும். உள்ளே கிடப்பதில் பாதி யாருடையது என்றே யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் எழுந்து கொஞ்சம் சூடாகவே கேட்டேன்: “கொத்மலையிலயும் பொல்பிட்டியவிலயும் தண்ணிய மறிச்சு கரண்ட் எடுக்கிறது நம்ம குப்பையக் குளிர வைக்கவா?” கைதட்டினார்கள். எனக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய மாதிரிகளைக் கேட்டு யாரும் வராவிட்டால் கழித்துவிடலாம் என்று விதி போட்டதும் நான்தான். அந்த விதிப்படி உள்ளே கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தபோது, அடித்தட்டில் பனி மூடிய ஒரு பெட்டி வந்தது. கையுறையால் துடைத்துப் பார்த்தேன். லேபிளில் என் கையெழுத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் ரத்தம்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் நான் எடுத்தது அது. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்க்கும் ஆய்வு. பூண்டுலோயாப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தையே தேர்ந்தெடுத்தோம். அங்கே தலை சீவினால் உதிர்ந்த முடியைச் சுருட்டித் துப்பித்தான் எறிவார்கள். நகத்தைக் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். யார் கையிலாவது சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்படிப்பட்டவர்களிடம் போய் ரத்தம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் என் அண்ணிதான் பிள்ளைமடுவத்து வாசலில் நின்று சத்தம் போட்டு எல்லோரையும் கூட்டிவந்தாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தூங்கவைக்கும் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

“நம்ம புள்ளதானே கேக்குது. நம்ம ரத்தத்த அது என்னா தெருவுலயா ஊத்தப் போவுது?” என்றாள்.

ஒரு டியூப் போதும். இருக்கட்டுமே, பின்னால் எதற்காவது உதவும் என்று ஆளுக்கு இரண்டாக எடுத்தேன். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். என்ன குறை என்று கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு எங்கள் பேராசிரியருக்கு வேறொரு தலைப்பில் பெரிய திட்டம் கிடைத்தது, நாங்கள் எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம். ரத்தத்தை யாரும் தொடவேயில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணி கேட்பாள், “புள்ள, எங்க ரத்தம் என்னா சொல்லுது?” பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விரல் மரத்துப்போனது. நீண்ட மின்வெட்டு நாட்களில் அந்த ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருந்தது. அந்த ரத்தம் இனிப் பரிசோதனைக்கு லாயக்கில்லை. கழிப்பதுதான் சரி. அது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். உயர் அழுத்த நீராவியில் வைத்து, எரிப்பதற்கு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் சான்றிதழும் கேக்கும் வந்தன. ஃப்ரீசரின் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் படம் துறையின் பலகையில் இன்னும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மீதே கெட்ட கோபம் வருகிறது.

சில மாதங்களில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அண்ணி முடியவே முடியாது என்று பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டாளாம்.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீ வந்து சொல்லு” என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் உள்ளே சுருண்டு படுத்திருந்தாள், உதடெல்லாம் வெளிறிக் கிடந்தது. பயந்துவிட்டேன்.

“அண்ணி, வெளையாட்டு இல்ல. நாளைக்கே ரத்தம் பாக்கணும்” என்றேன்.

“எதுக்கு? ஒங்க ஆளுங்க வாங்குனதுக்கே இன்னும் பதில காணோம். லயத்துப் பொம்பளைங்க எல்லாம் எங்கிட்டதான கேட்டாளுங்க? கூட்டிக்கிட்டுப் போனவ நானு. எம் மொகத்துலதான கேட்டாளுங்க?”

இது எனக்குத் தெரியாது. அவள் கேட்பதை நிறுத்தியதும் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அங்கே லயத்து வரிசை வீடுகளில், என் வாக்குக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை தீபாவளி அவள் சுட்ட பலகாரத்தைக் கூசாமல் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இன்னொரு பொய் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப்போயிருக்கலாம். நல்லவேளையாக நாக்கு எழவில்லை.

“அந்த ரத்தம் இப்ப இல்ல அண்ணி. நான்தான் எரிக்கக் குடுத்தேன்.”

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “நல்லா எரிஞ்சிருச்சா? யாரு கையிலயும் சிக்கலயே?”

“இல்ல. முழுசா எரிச்சாச்சு.”

“அது போதும்.” பிறகு கேட்டாள், “எரிக்க முன்ன என்னா இருந்துச்சுன்னு பாத்தியா?”

“பாக்கல.”

“ஒருத்தருதுமா?”

“ஒருத்தருதும் பாக்கல அண்ணி.”

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்துச் சம்பலோடு என் பக்கம் தள்ளினாள். “தின்னு. காலையில வெள்ளனமா போவணும். அவளுக்கு என்னான்னு தெரியிற வரைக்கும் நீ ஆஸ்பத்திரிய விட்டு நகரக் கூடாது” என்றாள். 

காலையில் அண்ணி, மருமகள், நான் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். ரத்தம் எடுத்த நர்ஸ் சிங்களப் பெண், தமிழ் ஓரளவு வரும். மருமகளின் கையில் ஊசி குத்தியபோது அண்ணி அந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுதானா?” என்று நர்ஸிடம் கேட்டாள்.

“ஒண்ணு போதும்.”

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. நானும் சுவரைப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. ரத்தம் மிகவும் குறைவு, ஆனால் மாத்திரையிலேயே சரிப்படுத்தலாம் என்றார் டாக்டர். மத்தியானத்துக்குள்! என்னிடம் இத்தனை வருடமாகக் கிடைக்காதது. மாத்திரையை வாங்கிக்கொண்டு புறப்படும்போது அந்த நர்ஸ் அண்ணியை ஒரு மாதிரிப் பார்த்தாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கும் வெள்ளையா இருக்கு. வாங்க, ரத்தம் எடுத்துப் பாப்போம்” என்றாள்.

“எங்கிட்ட முன்னமே எடுத்துட்டாங்க மிஸ்.”

“எங்க எடுத்தாங்க? ரிப்போர்ட் இருக்கா?”

அண்ணி மாத்திரைப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். நான் அவள் பக்கத்தில் போய், “அண்ணி, குடுங்க அண்ணி. நானே நின்னு வாங்கித் தாறேன். கெஞ்சிக் கேக்குறேன்” என்றேன்.

“புள்ளைக்குப் பாத்தாச்சுல்ல” என்றாள். சேலைத் தலைப்பை இழுத்து முழங்கை வரை மூடிக்கொண்டாள். “நான் ஒருக்கா குடுத்தது போதும். பஸ்ஸு போயிரும், வா.”