துட்டிப் பந்தியில் விட்டுப்போன ஒன்பது இலை

விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கமாக நடந்தேன். சாயங்கால வெயில் முதுகில் விழுந்தது. பேருந்துக்குக் காசு இல்லாமல் இல்லை. ஏறினால் நடத்துனரிடம் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாத்தான்குளத்தில் பனை ஓலை ஏற்றியிருக்கிறேன், கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவல் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பாபநாசத்தில், படித்துறைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் நாலைந்து மாதம் பரிமாறினேன். அன்று மதியத்தோடு அந்த வேலை போயிற்று.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அருவிக்கு வந்தவர்கள். மீதிப்பேர் அஸ்தி கரைக்க வந்தவர்கள். துட்டி ஆட்கள் என்போம். அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. உள்ளே வரும்போது ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. கிளம்பும்போது ‘போயிட்டு வாங்க’ என்றும் சொல்லக் கூடாது. அவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள். படி இறங்கிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடுவது பெரிய தப்பு. இப்படிப் போன ஒருவருடைய குடை எங்கள் கடை ஆணியில் வெகுநாள் தொங்கியது. அவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நடந்து போனார். ஒருவரும் கூப்பிடவில்லை.

மற்றவர்கள் சாப்பிட்டால், “ஓரத்து மேசை நாலு இலை” என்று உள்ளேயிருந்தே கல்லாவுக்குச் சத்தம் கொடுப்போம். துட்டி ஆட்களுக்குச் சத்தம் கிடையாது. கல்லாவுக்குப் போய் மெல்லிய குரலில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

கல்லாவில் இருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். புருஷன் திருப்பூரில் இருந்தான், பணம் அனுப்புவதில்லை. நான் அவளைத் தாயி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். அந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கல்லாவில் குறைந்திருந்தது. முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. “இன்னொரு தடவ இடிச்சுதுன்னா நீ வீட்ல இருந்துக்கோ தாயி” என்று, காய் விலை சொல்வது போலச் சொல்லியிருந்தார்.

அவர் கணக்குப் பார்ப்பது இலையை வைத்து. காலையில் இலைக்கட்டை அவரே எண்ணி வைப்பார். மூன்று மணிக்கு வந்து மிச்சத்தை எண்ணுவார். கிழிந்த இலையைக்கூட எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். செலவான இலைக்குரிய பணம் கல்லாவில் இருந்தாக வேண்டும். அதில் ஒளிக்க இடமில்லை.

அன்று ஒரு வேனில் துட்டி ஆட்கள் வந்தார்கள். கொள்ளி வைத்த மகனுக்கு என் வயதுதான், ஐம்பதை ஒட்டி இருக்கும். மொட்டைத் தலை, இடுப்பில் ஈர வேட்டி. முதல் பந்தியில் பதினாலு பேர் உட்கார்ந்தார்கள். கல்லாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் எழுந்தபோது, பிந்திக் குளித்து வந்த பெண்கள் ஒன்பது பேர் அடுத்த பந்தியில் உட்கார்ந்தார்கள். ரச வாளியோடு கல்லாவைத் தாண்டும்போது, “இன்னும் ஒம்பது தாயி” என்றேன். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கி வைத்திருந்தாள். அவளுடைய மகளை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தார்கள். மாமியார் அங்கிருந்து பேசிக்கொண்டிருந்தாள். இவள் தலையாட்டினாள்.

மொட்டை போட்டவர் பணம் கொடுக்க வந்தார். அவள் பதினாலு இலைக்கு மட்டும் தொகையைச் சொன்னாள். அவர் நோட்டுகளை நீட்டப் போய் ஒரு கணம் நிறுத்தினார். திரும்பி, பெண்கள் சாப்பிட்டு எழுந்த வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஜக்கோடு பக்கத்திலேயே நின்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சமையல்கட்டு வாசலில் சமையல்காரர் நின்றார். கடையில் ஒரு தட்டு உடைந்தாலும் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்கிறவர் அவர். இவள் தப்பாகச் சொன்னதை அவர் காதுபடத் திருத்த வேண்டாம், பக்கத்தில் போய்க் கிசுகிசுப்போம் என்று ஜக்கை வைக்கத் திரும்பினேன். வைத்துவிட்டு வருவதற்குள் மொட்டை போட்டவர் படி இறங்கியிருந்தார்.

“தாயி, பொம்பளையாளுவ ஒம்பது இலையை விட்டுட்டியே.”

அவள் போனை மேசையில் வைத்தாள். “எந்த ஒம்பது?” என்றவள் வரிசையைப் பார்த்தாள். “ஐயோ. கூப்பிடுங்கண்ணே.”

“எப்படிக் கூப்பிட? துட்டி ஆளுல்லா.”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு, “பின்னால கூப்பிட்டாத்தானே தப்பு. நீங்க சுத்திப் போயி முன்னால நில்லுங்க. ஒங்களப் பாத்தா அவங்களே கேப்பாங்க” என்றாள்.

கடைக்குப் பின்னால் சந்து உண்டு. அதன் வழியே ஓடி, வேன் நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் வேனில் ஏறாமல் என்னிடம் வந்தார்.

“எதுக்கு வந்திருக்கீருன்னு தெரியும் வே” என்றார்.

“கல்லாவுல இருக்கது ஒரு பொம்பளப்பிள்ள அண்ணாச்சி. அவ தலையிலதான் விடியும்.”

“நான் அங்கனயே பாத்தேன். சொல்லிருக்கணும். சொன்னா குடுக்கணும்லா?” வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். ஒரே ஒரு நோட்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. “டீசலுக்கு இதான் இருக்கு. மச்சான்மார் ரெண்டு பேரு வேனுக்குள்ள இருக்காவ. கேட்டா தருவாவ. எங்கய்யாவ ஆத்துல விட்டுட்டு, சோத்துக்குத் துட்டுப் பத்தலன்னு அவங்ககிட்ட எப்படிக் கேக்க?”

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண், “யாருப்பா அது?” என்றாள்.

“தெரிஞ்ச ஆளுதான்” என்றார். என் பக்கம் திரும்பி, “திரும்ப வந்து தாரேன்னு சொல்லலாம். இந்த எடத்துல வச்சு அதையும் சொல்லக் கூடாது பாத்தீரா” என்றார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத மாதிரி முகம் கோணியது. ஏறிக்கொண்டார். வேன் போயிற்று.

நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்ததும் அவள் கல்லாவைத் திறந்து எண்ணத் தொடங்கினாள். மூன்று மணிக்கு முதலாளி வந்து இலைக்கட்டைப் பிரித்தார். கல்லாவைப் பார்த்தார். மறுபடியும் இலையை எண்ணினார்.

“ஒம்பது இலை எங்க தாயி?”

அவள் மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள். “அண்ணன் பதினாலுன்னுதான் சொன்னாவ.”

முதலாளி என்னிடம் திரும்பினார். “ஏம்ல, ரெண்டாம் பந்தியச் சொன்னியா, இல்லியா?”

சமையல்காரர் உள்ளேயிருந்து, “சொல்லிருப்பான் மொதலாளி, ரசத்துக்கிட்ட” என்று கேலி செய்தார்.

நான் அந்தத் தலையாட்டலை நினைத்தேன். அது எனக்கு ஆட்டியதா, போனில் இருந்த மாமியாருக்கு ஆட்டியதா? மதியம் நான் சொன்னபோது அவள் ‘எந்த ஒம்பது’ என்றுதான் கேட்டாள். அவள் காதில் விழவே இல்லையோ என்னவோ. அப்படியானால் அவள் சொன்னது பொய் இல்லை. பொய்தான் என்றாலும், சொன்னேன் என்று நான் சாதித்தால் அவள் நாளைக்கு அந்த நாற்காலியில் இருக்க மாட்டாள். சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. நின்றேன்.

“பேசேம்ல.”

நின்றேன்.

“வாயத் தொறக்காத ஆளு சப்ளைக்கு ஆகாது” என்றார் முதலாளி. எனக்கு வர வேண்டிய கூலியில் ஒன்பது இலைக்குப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு நாள் கூலி போயிற்று. “சாப்ட்டுட்டுப் போ. அந்த இலை என் கணக்கு” என்றும் சொன்னார். சாப்பிட்டேன். கல்லாப் பக்கம் பார்க்காமல் கை கழுவினேன். அவளும் என்னைப் பார்த்திருக்க மாட்டாள். நான் பையை எடுக்கும்போது முதலாளி அவளிடம், “நாளைக்கு வரும்போது ஒங்க ஊருல ஆளு இருந்தா கூட்டிட்டு வா தாயி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வேலை நிலைத்தது. சாலையில் நடக்கும்போது அதை நினைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. நான் செய்தது நல்லது என்று வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அங்கேயே குடும்பம் குட்டியோடு இருக்கிறவனாக இருந்தால், ‘சொன்னேன், அவள்தான் கவனிக்கவில்லை’ என்று கத்தியிருப்பேன். எப்படியும் இன்னும் இரண்டு மாதத்தில் நான் கிளம்பியிருப்பேன். போகிற ஆளுக்கு வாயை மூடிக்கொள்வதில் பெரிய கஷ்டம் இல்லை. மொட்டை போட்டவர் கல்லாவில் பணம் நீட்டியபோது ஒரு வார்த்தை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதைச் செய்திருந்தால் அந்த மொட்டைத் தலைக்காரர் மச்சான்களுக்கு முன்னால் குன்றியிருப்பார், அவ்வளவுதான். அதையும் ‘அவ்வளவுதான்’ என்று எப்படிச் சொல்ல? அவரைக் கோபிக்கலாம் என்று பார்த்தேன், அந்த ஈர நோட்டு நினைவுக்கு வந்தது. அவளைக் கோபிக்கப் பார்த்தேன், போனை இடுக்கியிருந்த தோள் நினைவுக்கு வந்தது. முதலாளி எனக்குச் சோறு போட்டிருந்தார். கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம்கூட இல்லை.

அம்பாசமுத்திரத்துக்குச் சற்று முன்னால் உர மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டியவர், “செருப்பில்லாம எங்கன போறீரு?” என்று கேட்டார். “நீங்க எங்க போறிய?” என்றேன். முக்கூடல் என்றார். ஏறிக்கொண்டேன். அன்றைக்கு அங்கே பேருந்து நிலையத்தில் படுத்தேன்.

காலையில் டீக்கடையில் விசாரித்து, ஊருக்கு வெளியே இருந்த செங்கல் சூளைக்குப் போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆளு வயசாளியா இருக்கீரே. எழுதப் படிக்கத் தெரியுமா?”

“ஏழாவது.”

“அது போதும். லாரிக்கு ஏத்துத கல்ல எண்ணிச் சொல்ல ஆள் வேணும். நெழல்ல ஒக்காந்து எண்ணலாம். கல்லு கொறஞ்சா மட்டும் ஒம்ம பொறுப்பு.”

“சுமக்குதேன் அண்ணாச்சி” என்றேன்.

“கிறுக்கா வே ஒமக்கு? நெழலு வேண்டாங்கீரு.”

“சுமக்குதேன்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுக்கைக் காட்டினார். துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தேன். எண்ணுவதற்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.